பதினோரு மணிப் பள்ளிக்கூடம்

1

போன மாதம் ஒரு புதன்கிழமை. இங்கே பிரான்சில் புதன்கிழமை பிள்ளைகளுக்கு அரைநாள் பள்ளிக்கூடம்தான். மதியம் காய்கறிப் பையோடு ஏழு மாடி ஏறி வந்தேன். லிஃப்ட் ரிப்பேராகி ஆறு வாரம் ஆகிறது, அது தனிக் கதை. சாப்பாட்டு மேஜை மேல் ஒரு கடிதம் பிரித்துக் கிடந்தது. என் மகள் ஷோபாவின் பள்ளிக்கூடத்து முத்திரை. பிரித்தவள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டை அலறவிட்டிருந்தாள். அழுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்றால் அவள் செய்கிற வேலை அது.

ஷோபா இப்போது மூன்றாம் வகுப்பு. பயப்படாதீர்கள், அவளுக்குப் பதினைந்து வயது. பிரான்சில் வகுப்பு எண்கள் மேலிருந்து கீழே இறங்கும். இவர்களுடைய மூன்றாம் வகுப்பு நம்மூர் ஒன்பதாவது, பத்தாவது மாதிரி. அதன் முடிவில்தான் பிள்ளை மேற்படிப்புக்குப் போகலாமா, கைத்தொழில் பள்ளிக்குப் போக வேண்டுமா என்று தீர்ப்புச் சொல்வார்கள். ஷோபாவுக்குச் சட்டம் படிக்க ஆசை. கடிதத்தில் அவளைத் தையல் தொழிற்பள்ளிக்கு ஒதுக்கியிருந்தார்கள். மதிப்பெண் சுமாராம். அதற்குக் கீழே இன்னொரு வரி: குடும்பத்தின் அக்கறை போதவில்லை, பெற்றோர் மூன்று கூட்டங்களுக்கும் வரவில்லை.

அக்கறை போதவில்லையாம்! கூட்டம் எப்போதும் மாலை ஐந்தரை மணிக்கு. அந்த நேரத்தில் நான் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் பன்னிரண்டாவது மாடியில் வாளி வண்டியைத் தள்ளிக்கொண்டிருப்பேன். ஆபீஸ்காரர்கள் வருவதற்கு முன் காலையில் நான்கு மணி நேரம், அவர்கள் கிளம்பின பிறகு மாலையில் மூன்று மணி நேரம். இங்கே துப்புரவு வேலை அப்படித்தான், நாம் துடைக்கலாம், யார் கண்ணிலும் படக் கூடாது. என் வீட்டுக்காரருக்குத் தபால் பிரிக்கிற இடத்தில் மதியத்திலிருந்து இரவு வரை ஷிப்ட். ஐந்தரை மணிக்கு எங்களில் யார் போய் உட்காருவது?

கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது எனக்கு இந்தப் பிரெஞ்சு முத்திரை தெரியவில்லை. ஒரு வருகைப் பதிவேட்டில் என் பெயர் மேல் சிவப்பு மையில் இழுத்த கோடுதான் தெரிந்தது.

2

என் பெயர் மல்லிகா. மரக்காணத்துப் பக்கம் உப்பளத்தை ஒட்டின காலனியில் பிறந்தவள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தேன். என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, வேலை கேட்டு மூன்று ஆபீஸ் ஏறி இறங்கினேன். மூன்றாவது ஆபீசில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழகான கையெழுத்து" என்று திருப்பிக் கொடுத்தாள். அதோடு சரி. ஆனால் அந்தப் புத்தகம் என் கைக்கு வந்த கதை அவளுக்குத் தெரியாது. ஷோபாவுக்கும் நான் சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் ஒன்பதாவது சேர்ந்த வருஷம். ரோட்டு மேல் இருந்த உயர்நிலைப்பள்ளிக்கு எங்கள் காலனியிலிருந்து நடந்துபோகலாம். மழை முடிந்து தை பிறந்தால் பாத்திகளில் கடல்தண்ணீர் பாய்ச்சுவார்கள். மாசியில் உப்பு வார ஆரம்பித்துவிடும். வெயில் ஏறினால் பாத்தியில் கால் வைக்க முடியாது, கண் கூசி ஒன்றும் தெரியாது. அதனால் விடிவதற்கு முன்பே இறங்கி பத்து மணிக்குள் முடிக்க வேண்டும். அம்மா பலகையால் வாரிக் குவிப்பாள், நான் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவேன். ஒருத்தி வாரினால் ஒருத்தி சுமக்க வேண்டும், ஜோடியாகத்தான் மேஸ்திரி வேலைக்கு எடுப்பார். நான் போகவில்லை என்றால் அம்மாவுக்கும் வேலை கிடையாது. காலனியில் எல்லா வீட்டிலும் அந்த ஜோடி அம்மாவும் மகளும்தான். பையன்கள் ஒன்பதரை மணிக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள்.

நான் வேலை முடித்து, கால் கழுவி, ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தால் பதினொன்று ஆகிவிடும். கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். மதியம் உள்ளே விட்டாலும் காலை வருகையில் ஆப்சென்ட்தான். எவ்வளவு கழுவினாலும் முழங்கால் வரை உப்பு பூத்து வெள்ளையாக இருக்கும். "வந்துட்டாளுங்க சுண்ணாம்பு அடிச்சுக்கினு" என்று வகுப்பே சிரிக்கும். பங்குனி கடைசியில் என் பெயரை அடித்துவிட்டார்கள். என் கண்ணெதிரேதான் அந்தச் சிவப்புக் கோடு இழுத்தார்கள்.

அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன். என் அம்மா பெயர் சின்னப்பொண்ணு. அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. "பேரத்தானே அடிச்சாங்க, ஆளயா அடிச்சாங்க? இரு பாக்கலாம்" என்றாள்.

3

மறுநாள் காலை வேலை முடிந்து, ஷோபாவின் பள்ளிக்கூடத்துக்கே நேராகப் போனேன். இந்த ஊரில் முன்னறிவிப்பு இல்லாமல் போய் நிற்பது பெரிய குற்றம். நின்றேன். துணைத் தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான், சிரித்தார். வகுப்பிலிருந்து ஷோபாவை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். எனக்குப் பிரெஞ்சு தெரியும், கோபம் வந்தால் மட்டும் ஓடிவிடும். பிரெஞ்சில் நீ, நீங்கள் என்ற மரியாதையில் எனக்கு இன்றைக்கும் நாக்கு இடறும். அன்றைக்கு அந்த மனிதரை எடுத்த எடுப்பிலேயே "நீ" போட்டுவிட்டேன். ஷோபாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அம்மா, நீ பேசாத. நான் பேசறேன்" என்றாள்.

நான் வேலை நேரத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார். ஷோபா தன்னுடைய அரைகுறைத் தமிழில் சொன்னாள். "அவர் சொல்றார், நீ மத்த அம்மா மாதிரி இல்ல. நீ வந்தே, அது நல்லது. என் பேப்பர் அவர் மாத்தலாம். ஒரு ஆள் மட்டும் மாத்த முடியும். யார்கிட்டயும் சொல்ல வேணாம். அடுத்த செவ்வா சொல்லணும்."

மத்த அம்மா என்றால் யார்? எனக்குத் தெரியும். என்னோடு அதே மாடியைத் துடைக்கிற ஃபாத்து. மாலி நாட்டுக்காரி. அவளுடைய மகள் ஆவாவும் ஷோபா வகுப்புதான், அவளுக்கும் அதே கடிதம், அதே தையல். ஃபாத்துவுக்கு எழுத்து தெரியாது, கடிதத்தை என்னிடம்தான் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னாள். அன்று மாலை வாளியைக் கழுவிக்கொண்டே கேட்டாள், பள்ளிக்கூடம் போனாயே, என்ன சொன்னார்கள் என்று.

"பார்க்கலாம் என்றார்" என்றேன்.

பொய். வாய் கூசாமல் சொன்னேன். வீட்டுக்கு வந்தால் ஷோபா முகம் கழுவி, தலை பின்னி, கடிதம் வந்த பிறகு முதல்முறையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். "தாங்க்ஸ் மா" என்று கட்டிக்கொண்டாள்.

4

எங்கள் பக்கத்துக்கு அப்போது ஸ்டெல்லா என்றொரு கிராம சேவிகா வந்துபோவார். சைக்கிளில் ஊர் ஊராக வந்து மாதர் சங்கம் நடத்துகிற அரசாங்க வேலை. இருபத்திரண்டு வயது, வாய் ஓயாது. என் பெயரை அடித்த கதையை அம்மா சொன்னதும் அவர் துள்ளி எழுந்து ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தார். பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்துவதற்குக் காரணம் பள்ளியில் கக்கூசு இல்லாதது, உடனே கட்ட வேண்டும் என்று முத்து முத்தாக எழுதியிருந்தார்.

அதை எங்கே கூடிப் பேசுவது என்பதே பெரும்பாடு. மீனவக் குப்பத்துப் பெண்கள் காலனிக்குள் வர மாட்டார்கள். காலனிப் பெண்கள் குப்பத்துக் கோயிலடியில் உட்கார முடியாது. கூனிமேட்டு முஸ்லிம் பெண்கள் சும்மா வெளியே வந்து நிற்க மாட்டார்கள். ஆனால் மூன்று பேரும் ஏற்கெனவே வாரம் தவறாமல் சந்திக்கிற இடம் ஒன்று இருந்தது, கருவாட்டுக் களம். எங்கள் அம்மாக்கள் வாரின உப்பை வாங்கித்தான் குப்பத்துப் பெண்கள் மீனுக்குப் போடுவார்கள். காய்ந்த கருவாட்டைக் கூனிமேட்டு மைமூன் வாங்கிச் சந்தைக்குக் கொண்டுபோவாள். புருஷன் போன பிறகு அவள் எடுத்த தொழில் அது. அவள் மகள் ரஹமத் என் சிநேகிதி. எட்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள், ஆம்பிளை வாத்தியார்கள் மட்டும் இருக்கிற பள்ளிக்கு அனுப்ப மாட்டோம் என்று அவளுடைய சச்சா, அப்பாவின் தம்பி, நிறுத்திவிட்டார்.

களத்தில் குப்பத்துப் பெண்கள் ஒரு பக்கம், எங்கள் பெண்கள் ஒரு பக்கம், நடுவில் மைமூன். ஸ்டெல்லா மனுவை வாசித்து முடித்ததும் குப்பத்துப் பட்டம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார். "கக்கூசு கட்டுவாங்க, சரி. அதுல போவறதுக்கு எங்க பொண்ணு அங்க இருக்கணுமே? நான் மீன் வித்துட்டு வர்ற வரைக்கும் அவதானே சின்னதுங்கள பாத்துக்கறா. நான் வர்றதுக்கு பத்து மணி ஆவுது."

"எங்களுக்கும் பத்து" என்றாள் அம்மா.

"எங்க பொண்ணுங்களுக்கு நேரம் பிரச்சனை இல்ல. ஒரே ஒரு பொம்பள டீச்சர் இருந்தா எங்க மாமியார் வீட்டு ஆளுங்க வாய அடைச்சுடுவேன்" என்றாள் மைமூன்.

ஸ்டெல்லா மனுவைக் கிழித்துப் போட்டார். அதை இப்போது நினைத்தாலும் அவர் மேல் மரியாதை வருகிறது, முத்து முத்தாக எழுதினதைக் கிழிக்க எல்லோருக்கும் மனசு வராது. புது மனுவில் மூன்று கேட்டோம். உப்பு வாருகிற மாதங்களில் பெண்பிள்ளைகளுக்குப் பதினோரு மணிக்குப் பள்ளி, ஒரு பெண் டீச்சர், மறைப்போடு கக்கூசு. எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து மனு திரும்பி வந்தது. கைரேகைகள் தெளிவில்லை, எல்லாம் ஒரே ஆள் வைத்ததுபோல் இருக்கிறது என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். எங்கள் பெண்களுக்கு ஏது ரேகை? வருஷக்கணக்காக உப்பு தின்ற விரல் அது. மையில் தொட்டு வைத்தால் வெறும் நீலப் பொட்டுதான் விழும்.

"அப்போ ஆளயே காட்டிட்டு வந்துடலாம் வாங்கடி" என்றாள் என் அம்மா.

5

கல்வி ஆபீசுக்குப் போனது சந்தை நாளில். வேலையை விட்டுவிட்டுப் போராட யாராலும் முடியாது. அதனால் அவரவர் வேலையோடு போனோம். நாங்கள் உப்பு வாரி முடித்த கையோடு கிளம்பினோம், குப்பத்துப் பெண்களும், ரஹமத்தைக் கூட்டிக்கொண்டு மைமூனும், சந்தைக்குக் கொண்டுபோகிற கருவாட்டுக் கூடைகளோடு வந்தார்கள். பஸ்ஸில் எங்களைக் கடைசி சீட்டுக்குத் தள்ளிவிட்டான் கண்டக்டர். ஆபீஸ் வாசலில் கூடையை வைத்தால் நாய் இழுத்துக்கொண்டு போகும் என்று எல்லாவற்றையும் வராந்தாவில் ஏற்றி வைத்துவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்தோம். நாங்கள் சத்தியமாக வேறெதையும் யோசிக்கவில்லை.

திருக்கைக் கருவாடு என்று ஒன்று உண்டு. தெரிந்தவர்களுக்குத் தெரியும். வெயில் ஏற ஏற அது தன் வேலையைக் காட்டியது. முதலில் ஒரு கிளார்க் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். பிறகு ஜன்னல்களைச் சாத்தினார்கள். மின்விசிறி நின்றதும் திறந்தார்கள். எங்கிருந்தோ நான்கைந்து பூனைகள் வந்து உட்கார்ந்தன. பியூன் வந்து கத்தினார்.

"ஏம்மா, ஆபீசா இது, மீன் மார்க்கெட்டா? எடுங்க எல்லாத்தையும்!"

"ஐயாவப் பாத்துட்டு எடுத்துடறோம்ங்க" என்றார் பட்டம்மாள் மரியாதையாக.

காத்திருந்ததில் தாகம் நாக்கை இழுத்தது. பட்டம்மாள் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துபோயிற்று. என் அம்மாவின் தூக்குச் சட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எடுத்துக் கடகடவென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "ஊர்ல சொல்லிடாத" என்றார். "நீ குடிச்ச சட்டிய நான் எங்க ஊர்ல சொல்லமாட்டேன் போ" என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே அதிகாரி எங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார். அம்மா அவர் மேஜையில் இருந்த மை அட்டையில் கட்டைவிரலை அழுத்தி, அவருடைய வெள்ளைத் தாளிலேயே வைத்தாள். நீலப் பொட்டு. பின்னாலேயே இன்னொருத்தி, இன்னொருத்தி. "போதும், போதும்மா" என்று தாளை இழுத்துக்கொண்டார். மனுவை வாசித்தார். தலையைச் சொறிந்தார்.

"டீச்சரம்மா ஒருத்தரை வர்ற ஜூன்லயே போடறேன். கக்கூசுக்கும் எழுதறேன். நேரம் மட்டும் கேக்காதீங்க. அது கவர்ன்மென்ட் நேரம், உங்க உப்புக்கும் மீனுக்கும் மாத்த முடியாது. அந்தக் கூனிமேட்டம்மா வாங்க, உங்க பொண்ணுங்க பேரைக் குடுங்க. எழுதிக்கறேன்."

ரஹமத் என் கையைப் பிடித்திருந்தாள். ஜூன் என்று காதில் விழுந்ததும் என் கையை ஒரு அழுத்து அழுத்தினாள்.

மைமூன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனாள். "மூணும் ஒண்ணாத்தான் கேட்டோம்ங்க. ஒண்ணா குடுங்க."

"அட, உங்களுக்குக் கிடைக்குதேம்மா! உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"எம்பொண்ணு உள்ள உக்காரணும், இவ பொண்ணு கேட்டுக்கு வெளிய நிக்கணும்னா, எனக்கு வேணாம்ங்க."

"அப்போ ஒண்ணும் கிடையாது. போங்க."

வெளியே வந்ததும் என் அம்மாவே மைமூனைப் பிடித்துத் திட்டினாள். "குடுத்தத வாங்கினு வர வேண்டியதுதானே? உன்ன யாரு வேணாம்னு சொல்லச் சொன்னா?" மைமூன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு உன் உப்பு இல்லாம, இவ மீனு இல்லாம நான் இன்னாத்த விக்கப் போறேன்? சும்மா நடடி." ரஹமத் மட்டும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்தை நாளும் போனோம், கூடைகளோடு. அடுத்த மாசிக்கு முன்னால் ஆர்டர் வந்தது. மூன்றும் வந்தது. ஸ்டெல்லாவைத் தூரமாக மாற்றல் செய்துவிட்டார்கள், அவர் அதற்கும் சிரித்துக்கொண்டே சைக்கிளை லாரியில் ஏற்றினார். பதினோரு மணிக்குப் பெல் அடித்த முதல் நாள் நான் உப்புக் காலோடு கேட்டுக்குள் நடந்துபோனேன். புது டீச்சர் பேர் கூப்பிட்டார். எங்கள் காலனியிலிருந்து ஆறு பேர், குப்பத்திலிருந்து நான்கு பேர், கூனிமேட்டிலிருந்து மூன்று பேர்.

ரஹமத் வரவில்லை. பள்ளிக்கூடமும் இல்லை, சும்மா எதற்கு வீட்டில் வைத்திருப்பது என்று ஐப்பசியிலேயே சச்சா அவளுக்குக் கோட்டக்குப்பத்தில் நிக்காஹ் முடித்துவிட்டார். மைமூன் எவ்வளவோ தடுத்துப் பார்த்தாளாம். மாப்பிள்ளை நல்லவர், துபாய்க்குப் போகிறவர் என்றார்கள். ரஹமத்துக்கு அப்போது பதினான்கு வயது நடந்துகொண்டிருந்தது.

6

செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தபோது, கூனிமேட்டில் விசாரித்து என் தம்பி வாங்கித் தந்த ரஹமத்தின் நம்பருக்குப் போன் போட்டேன். அந்த வீட்டில் அப்போதுதான் மதியச் சாப்பாடு முடிந்திருக்கிறது, பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"யாரு? எந்த மல்லிகா? உப்பள மல்லிகாவா? அடியே, நீ உயிரோடத்தான் இருக்கியா?"

வீட்டுக்காரர் வெளிநாடு போன பிறகு அம்மா வீட்டோடு வந்துவிட்டாளாம். மைமூன் இறந்து நான்கு வருஷம் ஆகிறதாம். எனக்கு அது கூடத் தெரிந்திருக்கவில்லை. நான் சுற்றி வளைக்காமல் கடிதத்தைச் சொன்னேன், பள்ளிக்கூடத்துக்காரர் என் மகளுக்கு மட்டும் மாற்றித் தருவதாகச் சொன்னதையும், ஃபாத்துவிடம் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"அன்னிக்கு உங்கம்மா வேணாம்னுட்டாங்களே, உனக்குக் கோவம் இல்லியா?"

"கோவம் இல்லாமயா? ரெண்டு வருஷம் அம்மா மொகத்தப் பாத்துப் பேசல. அன்னிக்கு வாங்கியிருந்தா ஜூன்ல நான் ஒம்பதாவது. இப்பவும் சில நாளு அத நெனச்சுக்கறேன்."

"அப்போ வாங்கியிருக்கணும்ன்றியா?"

"அப்டி சொல்லலடி. வாங்கியிருந்தா எங்க ஊர்லேர்ந்து நாலு பேரு போயிருப்போம். பொண்ணுங்க வந்துட்டாங்க, பிரச்சனை தீந்துச்சுன்னு மூடி வெச்சிருப்பாங்க. நீங்கல்லாம் உப்பு மூட்டதான். எம்பொண்ணுங்க ரெண்டு பேரும் அந்த ஸ்கூல்லதான் பத்து முடிச்சாளுங்க. பட்டம்மா பேத்தி, உங்க காலனிப் பொண்ணுங்க, எல்லாம் ஒரே பெஞ்சு. அத வாசல்ல நின்னு பாத்தப்பதான் எங்கம்மா மேல இருந்த கோவம் போச்சு."

பிறகு குரல் மாறியது. "உன் மேல போவலடி மல்லிகா. உள்ள போனவ நீ. படிச்சவ நீ. எனக்கு ஒரு லெட்டர் போட்டியா? கல்யாணத்துக்குச் சொன்னியா? ஏரோப்ளேன் ஏறச்ச சொன்னியா? இத்தினி வருஷம் கழிச்சு, உம்பொண்ணுக்குத் தனியா கெடச்சத வாங்கிக்கட்டுமான்னு என்கிட்ட வந்து பர்மிஷன் கேக்கற, இல்ல?"

"ஆமா" என்றேன்.

"குடுக்க மாட்டேன் போ" என்று போனை வைத்துவிட்டாள்.

ரிசீவரைக் கீழே வைத்தேன். அவளுக்கு ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். முதல் நாள் வகுப்பில் என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்ததிலிருந்தே அவளை நேராகப் பார்க்கப் பயம். அதுதான் உண்மை. எழுதாமல் இருந்தால் மறந்துவிடலாம் என்று நினைத்துவிட்டேன்.

7

திங்கட்கிழமை காலை ஃபாத்துவிடம் உண்மையைச் சொன்னேன். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: இதே கடிதம் இன்னும் யார் யாருக்கு வந்திருக்கிறது? மாலைக்குள் தன்னோடு சேர்த்து ஒன்பது அம்மாக்களைத் திரட்டிவிட்டாள். எல்லோரும் துப்புரவு, சமையலறை, ஆஸ்பத்திரித் துணி. எத்தனை மணிக்குப் போகலாம் என்று பேச்சு வந்தது. காலை வேலை முடிந்து, பஸ் பிடித்து வந்தால், பதினோரு மணி என்று ஃபாத்துதான் சொன்னாள். நான் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஷோபாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"உனக்குப் பைத்தியமா? அவர் தர்றேன்னு சொல்றார்! இது என் லைஃப் அம்மா, உன்னோடது இல்ல!"

அவள் சொல்வது நியாயம்தான். அதனால்தான் ரஹமத்தின் கதையை முதல்முறையாக அவளுக்குச் சொன்னேன். தமிழில் பாதி, பிரெஞ்சில் பாதி. உப்பு, கருவாடு, சிவப்புக் கோடு, ஜூன் என்று கேட்டதும் என் கையை அழுத்தின கை, எல்லாம். ரஹமத் இழந்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீயும் இழக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாட்டுச் சத்தம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவர்கள் ஒன்பது பேர், என்னையும் சேர்த்துப் பத்து, பள்ளிக்கூட வாசலில் நின்றோம். பாதிப் பேர் நீல வேலைக் கோட்டோடு. அப்போது உள்ளேயிருந்து ஷோபா வந்து கதவைத் திறந்தாள். வகுப்பில் அனுமதி கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். "உள்ள வாங்க" என்றாள், தமிழில், எல்லோரையும் பார்த்து.

துணைத் தலைமையாசிரியர் அறையில் இரண்டு நாற்காலிதான். ஒவ்வொருவராக வரலாமே என்றார். நாங்கள் நின்றுகொண்டோம். நான் தமிழில் சொன்னேன், ஷோபா பிரெஞ்சில் சொன்னாள். இந்தப் பிள்ளைகள் எல்லோருடைய தாளையும் மறுபடி பாருங்கள். எங்களால் வர முடிகிற நேரத்தில் கூட்டம் வையுங்கள். பிறகு அக்கறை இருக்கிறதா இல்லையா என்று எழுதுங்கள்.

அவர் என்னை விட்டுவிட்டு நேராக ஷோபாவிடம் ஏதோ கேட்டார், ஒரு தாளைத் தொட்டுக் காட்டினார். அவளுடைய தாள். கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார் என்று புரிந்தது. ஷோபா எனக்கு மொழிபெயர்க்கவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவரிடம் இரண்டு வாக்கியம் சொன்னாள், அவர் தாளை மெல்ல மூடி வைத்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன், என்னடி சொன்னே என்று.

"கணக்குல ஆவாவுக்கு என்னைவிட மார்க் அதிகம்னு சொன்னேன். முதல்ல அவ பேப்பர் பாருங்கன்னு சொன்னேன்." சொல்லிவிட்டு ஓடிப்போய் வகுப்புக்குள் நுழைந்துகொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடினாள்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதிகாரிகள் எந்த நாட்டிலும் அதைத்தான் சொல்வார்கள். மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை. ஷோபாவுக்குத் தூக்கம் சரியில்லை, எனக்கும்தான். ரஹமத்துக்கு ஆறு பக்கம் எழுதிப் போட்டேன். மன்னிப்பு கேட்டேன். அதற்கும் பதில் வராது என்று நினைத்திருந்தபோது, நேற்று ஊரிலிருந்து திரும்பிய கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர் கதவைத் தட்டினார். ஒரு பொட்டலத்தைக் கை நீட்டித் தூரத்திலேயே பிடித்தபடி கொடுத்துவிட்டு, ஏரோப்ளேனில் பட்ட பாட்டைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

நான்கு சுற்றுப் பிளாஸ்டிக்குக்கு உள்ளே திருக்கைக் கருவாடு. மேலே ஒரு துண்டுச் சீட்டு. எட்டாவதோடு நின்றுபோன அந்த உருண்டை எழுத்தை எங்கே பார்த்தாலும் நான் அடையாளம் சொல்வேன்.

"ஆபீசுக்குப் போவச்ச எடுத்துட்டுப் போ. கதவு தொறக்கலன்னா வெயில்ல வை. ரஹமத்."

ஷோபா மூக்கைப் பொத்திக்கொண்டு அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். இரண்டு தடவை வாசித்தாள். அப்புறம் பால்கனிக் கதவைத் திறந்து, பொட்டலத்தை வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தாள். நாளை செவ்வாய்க்கிழமை. பதினோரு மணிக்கு மறுபடியும் போகிறோம்.